சாக்ரடீஸுக்கு அந்தத் தண்டனை தகுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கி.மு. 399-இல் ஏதென்ஸ் நகரம் எழுபது வயதுப் பெரியவர் ஒருவருக்கு விஷம் கொடுத்துக் கொன்றது. அவர் திருடவில்லை, யாரையும் அடிக்கவில்லை, ஆட்சியைக் கவிழ்க்க ஆள் சேர்க்கவில்லை. தெருவில் நின்று பேசினார், கேள்வி கேட்டார்.

இந்த வழக்கைப் பற்றிப் பல வருடமாகக் கல்லூரிப் பிள்ளைகளோடு பேசி வருகிறேன். முதலில் எல்லோரும் "பாவம், நல்ல மனுஷன்" என்பார்கள். அப்புறம் யாராவது ஒரு பிள்ளை கையைத் தூக்கி, "ஏதென்ஸ்காரர்கள் பக்கம் கொஞ்சம்கூட நியாயம் இல்லையா?" என்று கேட்கும். அங்கேதான் பேச்சு சூடு பிடிக்கும். அப்படி வந்த கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்தத் தண்டனை தகாது. ஆனால் அதைச் சொல்வதற்காக ஏதென்ஸ்காரர்களை மூடர்கள் ஆக்க எனக்கு மனம் வரவில்லை.

அவர் மேல் இருந்த குற்றச்சாட்டு சரியாக என்ன?

நகரம் மதிக்கும் தெய்வங்களை மதிக்கவில்லை, புதிய தெய்வ சக்திகளைப் புகுத்துகிறார், இளைஞர்களைக் கெடுக்கிறார். இவ்வளவுதான். கேட்ட தண்டனை மரணம்.

வழக்குப் போட்டவர் மெலிட்டஸ் என்ற இளைஞர். அவருக்குத் துணையாக நின்றவர்கள் இரண்டு பேர். ஒருவர் அனிட்டஸ், தோல் பதனிடும் தொழிலில் செல்வம் சேர்த்த குடும்பம், அன்றைய அரசியலில் பெரிய கை. இன்னொருவர் லைக்கோன், மேடைப் பேச்சாளர். ஏதென்ஸில் அரசு வழக்கறிஞர் என்று யாரும் கிடையாது. எந்தக் குடிமகனும் இப்படி வழக்குப் போடலாம். ஆனால் ஐந்தில் ஒரு பங்கு வாக்குகூடக் கிடைக்காமல் தோற்றால் 1000 திரக்மா (அன்றைய ஏதென்ஸ் வெள்ளிக்காசு) அபராதம். அதனால் விளையாட்டுக்கு யாரும் இதில் இறங்க மாட்டார்கள்.

மனுவைக் கொடுத்த இடம் சந்தைவெளியான அகோராவின் வடமேற்கு மூலையில் இருந்த ஒரு தூண் மண்டபம். அதன் அடித்தளத்தை 1970-இல் தோண்டிக் கண்டுபிடித்தார்கள். இன்றும் அது அங்கே இருக்கிறது, பக்கத்திலேயே ரயில் ஓடுகிறது.

தீர்ப்புச் சொன்ன நீதிபதி யார்?

நீதிபதி என்று தனியாக ஒருவர் இல்லை. முப்பது வயது தாண்டிய குடிமக்களிலிருந்து குலுக்கல் முறையில் எடுக்கப்பட்டவர்களே நடுவர்கள். நாள் கூலி மூன்று ஓபோல், அதாவது அரை திரக்மா. இந்த வழக்கில் 501 பேர் இருந்தார்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். அவர்கள் தனியாக உட்கார்ந்து கலந்து பேசுவதில்லை. இரு தரப்பும் பேசி முடித்ததும் நேராக வாக்கு. மேல்முறையீடு கிடையாது.

பேச்சுக்கு நேரம் அளப்பது தண்ணீர்ப் பானை. அடியில் சின்னத் துளை போட்ட மண்பானையிலிருந்து தண்ணீர் வடிந்து முடிந்தால் உங்கள் நேரமும் முடிந்தது. ஓர் உயிரைப் பற்றிய வழக்கு காலையில் தொடங்கிச் சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும். சாக்ரடீஸே இதைச் சொல்லிக் காட்டுகிறார்: வேறு ஊர்களில் இருப்பதுபோல மரண தண்டனை வழக்கைப் பல நாள் விசாரிக்கும் சட்டம் இங்கே இருந்திருந்தால் உங்களுக்குப் புரிய வைத்திருப்பேன், இந்தக் கொஞ்ச நேரத்தில் பெரிய அவதூறுகளைக் கழுவ முடியாது என்கிறார்.

முதல் வாக்கு குற்றவாளியா இல்லையா என்பதற்கு. முப்பது பேர் மாற்றிப் போட்டிருந்தால் விடுதலை ஆகியிருப்பார் என்று அவருடைய மாணவர் பிளேட்டோ எழுதுகிறார். அதாவது ஏறக்குறைய 280-க்கு 221. ஊரே திரண்டு அவரைக் கொன்றது என்று நினைப்பவர்கள் இந்த எண்ணைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்?

சாக்ரடீஸ் ஒரு வரிகூட எழுதவில்லை. நமக்கு இருப்பது முக்கியமாக இரண்டு பேர் எழுதியது. பிளேட்டோ அப்போது முப்பதைத் தொடாத இளைஞர், விசாரணையில் நேரில் இருந்தவர். ஸெனஃபோன் அந்த நேரம் ஆசியாவில் ஒரு படையோடு இருந்தார். பிறகு கேட்டறிந்து எழுதினார். இருவருமே சாக்ரடீஸை நேசித்தவர்கள். வழக்குப் போட்டவர்கள் அன்று பேசிய பேச்சு நம் கைக்கு வந்து சேரவில்லை. அதனால் நாம் ஒரு தரப்பின் வாயிலிருந்தே கேட்கிறோம் என்பதை ஒவ்வொரு பதிலிலும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் நாத்திகரா?

இல்லை. பலி கொடுத்தார், விழாக்களுக்குப் போனார், டெல்ஃபி கோயிலின் அருள்வாக்கைத் தலைமேல் வைத்துப் பேசினார். அவரைவிடப் பெரிய ஞானி உண்டா என்று நண்பர் கைரெஃபோன் டெல்ஃபியில் போய்க் கேட்க, யாரும் இல்லை என்று பதில் வந்தது. அந்த வாக்குக்குப் பொருள் தேடித்தான் ஊரில் ஒவ்வொருவரையும் கேள்வி கேட்கத் தொடங்கினேன் என்று சொன்னவர் அவர்.

"புதிய தெய்வ சக்தி" என்ற குற்றச்சாட்டுக்கு ஒரு காரணம் உண்டு. சின்ன வயதிலிருந்தே தனக்குள் ஒரு குரல் கேட்கும், தவறான காரியத்தில் இறங்கப் போனால் அது தடுக்கும் என்று அவர் வெளிப்படையாகச் சொல்லி வந்தார். ஏதென்ஸ் புதிய தெய்வங்களை ஏற்காத ஊர் அல்ல. திரேஸ் நாட்டு பெண்டிஸ் தேவிக்கு அங்கே திருவிழா உண்டு. மருத்துவக் கடவுள் அஸ்கிலேபியஸ் அந்த ஊருக்குள் வந்ததே கி.மு. 420 வாக்கில்தான். ஆனால் அந்தத் தெய்வங்கள் ஊரின் சம்மதத்தோடு வந்தவை. ஒருவர் காதுக்கு மட்டும் பேசும் தெய்வத்தை ஊர் எப்படிச் சம்மதிக்கும்? அந்தச் சங்கடம் எனக்குப் புரிகிறது. அதற்காக ஓர் உயிரை எடுக்கலாமா என்பது வேறு கேள்வி.

இருபத்துநான்கு வருடத்துக்கு முன்பே, கி.மு. 423-இல், அரிஸ்டோஃபனீஸ் தன் 'மேகங்கள்' நாடகத்தில் சாக்ரடீஸை ஒரு கூடையில் தொங்கவிட்டு, வானத்தை ஆராய்கிறவராக, கடன்காரனை ஏமாற்ற வாதம் கற்றுத்தருகிறவராகக் காட்டிவிட்டார். நடுவர்களில் பலர் சிறுவயதில் அந்தக் கேலியைக் கேட்டு வளர்ந்தவர்கள். இன்று பேசும் மெலிட்டஸைவிட அந்தப் பழைய அவதூறுதான் எனக்குப் பெரிய எதிரி என்று சாக்ரடீஸ் நீதிமன்றத்திலேயே சொன்னார்.

இளைஞர்களைக் கெடுத்தார் என்றார்களே, யாரைக் கெடுத்தார்?

இதுதான் வழக்கின் உயிர். குற்றப்பத்திரிகையில் பெயர்கள் இல்லை. ஆனால் அன்று அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொருவர் மனதிலும் இரண்டு பெயர்கள் இருந்திருக்கும்.

ஒன்று அல்சிபியாடீஸ். அழகன், பணக்காரன், பேச்சில் மன்னன். சாக்ரடீஸுடன் நெருங்கிப் பழகியவன். கி.மு. 415-இல் சிசிலிக்குப் பெரும் படை அனுப்ப ஊரைத் தூண்டினான். தன் மேல் வழக்கு வந்ததும் எதிரி நாடான ஸ்பார்ட்டாவுக்கே ஓடிப்போய் அவர்களுக்கு யோசனை சொன்னான். சிசிலிக்குப் போன படை இரண்டே வருடத்தில் அடியோடு அழிந்தது.

இன்னொன்று கிரிட்டியாஸ், பிளேட்டோவுக்குத் தாய்வழி உறவினர். கி.மு. 404-இல் ஏதென்ஸ் ஸ்பார்ட்டாவிடம் தோற்றது. வென்றவர்களின் துணையோடு முப்பது பேர் ஆட்சியைப் பிடித்தார்கள். வரலாற்றில் அவர்களுக்கு 'முப்பது கொடுங்கோலர்கள்' என்றே பெயர். அவர்களில் மிகக் கொடியவன் கிரிட்டியாஸ். எட்டு மாத ஆட்சியில் ஏறக்குறைய 1500 பேரைக் கொன்றார்கள். சொத்துக்காகவே கொல்லப்பட்டவர்களும் உண்டு.

கி.மு. 403-இல் மக்களாட்சி திரும்பியது. வழக்கு நடந்தது 399-இல். நடுவில் நான்கே வருடம். நடுவர் பலகையில் உட்கார்ந்திருந்தவர்களில் அண்ணனை இழந்தவர், நிலத்தை இழந்தவர், ஊரை விட்டு ஓடித் திரும்பியவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அவர்கள் எதிரே நிற்பவர் கிரிட்டியாஸுக்குப் பாடம் சொன்ன ஆள். அந்தக் கோபத்தை என்னால் லேசாகப் பேச முடியவில்லை.

அப்படியென்றால் அதையே நேரடியாகக் குற்றமாகச் சொல்லியிருக்கலாமே?

சொல்ல முடியாது. மக்களாட்சி திரும்பியபோது ஊரார் ஒரு பொதுமன்னிப்பு ஒப்பந்தம் செய்து சத்தியம் வாங்கினார்கள்: பழைய தீமையை நினைவூட்டிப் பழிவாங்குவதில்லை. முப்பதின்மரும் அவர்களோடு இருந்த சில அதிகாரிகளும் மட்டுமே விலக்கு. உள்நாட்டுப் போர் முடிந்த ஒரு ஊர் இவ்வளவு நிதானமாக நடந்துகொண்டதை நான் மனதார மதிக்கிறேன்.

அனிட்டஸைப் பலர் வில்லனாகவே காட்டுவார்கள். ஆனால் அந்த ஒப்பந்தத்தை மிகவும் மதித்தவர்களில் அவரும் ஒருவர். முப்பதின்மர் ஆட்சியில் பெரும் சொத்தை இழந்தவர். திரும்பி வந்ததும் செல்வாக்கு இருந்தும், தன் சொத்தைப் பறித்தவர்கள் மேல் வழக்குப் போடவில்லை. அவரைப் பணத்தாசை பிடித்தவர் என்று சொல்ல முடியாது. மீண்டும் ஒரு கிரிட்டியாஸ் வந்துவிடுவான் என்று அவர் உண்மையிலேயே பயந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஆனால் பயம் உண்மையானது என்பதால் வழக்கு நேர்மையானது ஆகிவிடாது. சொல்லக்கூடாத குற்றத்தை மனதில் வைத்துக்கொண்டு, சொல்லக்கூடிய குற்றத்தைத் தாளில் எழுதினார்கள். குற்றம் சாட்டப்பட்டவருக்கு இதைவிடப் பெரிய அநியாயம் இல்லை. எதற்குத் தண்டிக்கப்படுகிறாரோ அதற்கு அவர் பதில் சொல்லவே முடியாது.

மாணவன் செய்த பாவத்துக்கு ஆசிரியர் பொறுப்பாக மாட்டாரா?

அந்தப் பாவத்தையே பாடமாகச் சொல்லிக் கொடுத்திருந்தால் பொறுப்பு உண்டு. சாக்ரடீஸ் அப்படி எதைச் சொல்லிக் கொடுத்தார் என்று மெலிட்டஸால் காட்ட முடியவில்லை. நான் யாருக்கும் ஆசிரியனே இல்லை, கூலி வாங்கியதில்லை, கேட்க வந்தவரைத் தடுத்ததும் இல்லை என்பது சாக்ரடீஸின் வாதம். இதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. கூலி வாங்காதவரும் ஆசிரியர்தான். இருபது வயதுப் பையன்கள் அவர் பின்னாலேயே சுற்றி, அவரைப் போலவே பெரியவர்களை மடக்கிக் கேள்வி கேட்டுத் திரிந்தார்கள். அதற்குப் பெயர் பாடம் இல்லையென்றால் வேறு என்ன?

ஆனால் கிரிட்டியாஸ் அவரை எப்படி நடத்தினான் என்று பாருங்கள். கொலைகள் நடந்துகொண்டிருந்த நேரத்தில் சாக்ரடீஸ் ஓர் உவமை சொன்னார்: மாட்டு மந்தையை மேய்க்கிறவன் கையில் மாடுகள் எண்ணிக்கையில் குறைந்து, இருப்பவையும் மெலிந்து போனால், தான் நல்ல மேய்ப்பன் இல்லை என்று அவன் ஒப்புக்கொள்ள மாட்டானா? இது கிரிட்டியாஸ் காதுக்குப் போனது. அவனும் கூட்டாளி கரிக்லீஸும் கூப்பிட்டு, இனி முப்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் பேசக்கூடாது என்று சட்டத்தைக் காட்டினார்கள். சாக்ரடீஸ் அமைதியாகக் கேட்டார்: "கடையில் ஒரு சாமான் வாங்கப் போகிறேன், விற்கிறவனுக்கு முப்பது ஆகவில்லை. என்ன விலை என்று கேட்கலாமா?" கடைசியில் கரிக்லீஸ் வெளிப்படையாகவே மிரட்டினான்: அந்த மேய்ப்பன் பேச்சையும் விடு, இல்லாவிட்டால் நீயே மாடுகளைக் குறைத்தவனாகிவிடுவாய்.

ஸெனஃபோன் எழுதிய இந்தக் காட்சிதான் இந்தக் கேள்விக்கு நான் கொடுக்கும் பதில். கிரிட்டியாஸ் அவரிடமிருந்து கொடுமையைக் கற்றிருந்தால் அவர் வாயை ஏன் அடைக்கப் பார்த்தான்?

கொடுங்கோலர்கள் ஆட்சியில் அவர் ஊரிலேயே இருந்தாரே?

இருந்தார். இங்கேதான் நான் அவரோடு மிகவும் தடுமாறுகிறேன்.

ஒரு நாள் முப்பதின்மர் அவரையும் வேறு நான்கு பேரையும் வட்ட மண்டபத்துக்கு அழைத்தார்கள். சலாமிஸ் தீவில் இருக்கும் லியோனைப் பிடித்து வாருங்கள், கொல்ல வேண்டும் என்றார்கள். தங்கள் குற்றத்தில் எல்லோரையும் பங்காளியாக்குவது அவர்கள் வழக்கம். ஐவரும் வெளியே வந்தார்கள். நான்கு பேர் படகேறிச் சலாமிஸுக்குப் போய் லியோனைக் கொண்டு வந்தார்கள். "நான் வீட்டுக்குப் போனேன்" என்கிறார் சாக்ரடீஸ். அந்த ஆட்சி சீக்கிரம் விழாமல் இருந்திருந்தால் இதற்காகவே தன் தலை போயிருக்கும் என்றும் சொல்கிறார். அது உண்மைதான். உயிரைப் பணயம் வைத்துத்தான் அவர் வீட்டுக்கு நடந்தார்.

ஆனால் லியோன் செத்துப்போனார். சாக்ரடீஸ் வீட்டுக்குப் போகும் வழியில் யாரிடமாவது சொல்லி அனுப்பியிருக்கக் கூடாதா? அவருடைய பால்ய நண்பர் கைரெஃபோன் மக்களாட்சிக்காரர்களோடு ஊரை விட்டு வெளியேறி, அவர்களோடேயே திரும்பியவர். அனிட்டஸும் அப்படித்தான். சாக்ரடீஸ் போகவில்லை. நடுவர் பலகையில் இருந்த ஒருவர், "இந்த மனிதருக்குத் தன் கை சுத்தமாக இருந்தால் போதும்போல" என்று நினைத்திருந்தால் நான் அவரைக் கோபிக்க மாட்டேன்.

அதே சமயம், ஊரில் தங்கிய ஆயிரக்கணக்கானவர்களைப் பொதுமன்னிப்பு ஏற்றுக்கொண்டது. கட்டளைக்குக் கீழ்ப்படிந்தவர்களே மன்னிக்கப்பட்ட ஊரில், கீழ்ப்படியாமல் வீடு திரும்பியவருக்கு மரணம் என்றால் அது எந்தக் கணக்கு?

அவர் மக்களாட்சிக்கு எதிரி இல்லையா?

விமர்சகர். கப்பல் ஓட்டவும் வீடு கட்டவும் குலுக்கல் போட்டு ஆள் எடுப்பதில்லை, ஊரை ஆள மட்டும் ஏன் என்று கேட்பார். குலுக்கல் என்பது ஏதென்ஸ் மக்களாட்சியின் முதுகெலும்பு. கேட்டவர்களுக்குச் சுருக்கென்று இருந்திருக்கும்.

ஆனால் கி.மு. 406-ஐப் பாருங்கள். அர்ஜினூசே கடற்போரில் ஏதென்ஸ் வென்றது. புயலில் தத்தளித்த வீரர்களைத் தளபதிகள் மீட்கவில்லை என்று ஊர் கொதித்தது. எல்லாத் தளபதிகளையும் சேர்த்து ஒரே வாக்கில் தண்டிக்க வேண்டும் என்றது சபை. அது சட்டத்துக்கு விரோதம். அன்று சபையை நடத்தும் குழுவில் சாக்ரடீஸும் இருந்தார். கூட்டம் கத்தியது, மிரட்டியது. அவர் ஒருவர் மட்டும் கடைசிவரை சம்மதிக்கவில்லை. ஆறு தளபதிகள் கொல்லப்பட்டார்கள். பிறகு ஊரே அதற்காக வருந்தியது.

போடிடேயா, டீலியம், ஆம்ஃபிபோலிஸ் என்று மூன்று இடங்களில் ஏதென்ஸுக்காக ஆயுதம் தூக்கிப் போர் செய்தவரும் இவர்தான்.

திமிராகப் பேசித் தண்டனையைத் தானே வரவழைத்துக்கொண்டார் என்கிறார்களே?

பாதி உண்மை. குற்றவாளி என்று முடிவானதும் இரண்டாம் கட்டம் வரும். வழக்குப் போட்டவர் ஒரு தண்டனை சொல்வார், குற்றவாளி ஒரு மாற்று சொல்வார். நடுவர்கள் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். நடுவில் ஒன்றைத் தாங்களாகக் கண்டுபிடிக்க முடியாது. நாடுகடத்தல் என்று சொல்லியிருந்தால் அநேகமாகத் தப்பியிருப்பார்.

அவர் சொன்னது: நான் ஊருக்குச் செய்த நன்மைக்கு, ஒலிம்பிக்கில் வென்றவர்களுக்குக் கொடுப்பதுபோல அரசு மண்டபத்தில் ஆயுளுக்கும் சாப்பாடு போடுங்கள். அப்புறம் ஒரு மினா அபராதம் என்றார். பிளேட்டோவும் நண்பர் கிரிட்டோவும் இன்னும் இருவரும் பதறிப்போய், நாங்கள் ஜாமீன், முப்பது மினா என்று சொல்லச் சொன்னார்கள். முப்பது மினா என்றால் 3000 திரக்மா. ஒரு கைத்தொழிலாளியின் ஒரு நாள் கூலி சுமார் ஒரு திரக்மா. தன் வீடு வாசல் எல்லாம் விற்றாலும் ஐந்து மினா தேறும் என்று வேறோர் இடத்தில் சொன்ன மனிதர் அவர். எனவே கடைசியில் சொன்ன தொகை உண்மையில் பெரியது. ஆனால் சாப்பாட்டுப் பேச்சைக் கேட்டு எரிச்சலடைந்த காதுகளில் அது ஏறவில்லை.

மூன்று மகன்கள், அதில் இரண்டு பேர் சின்னப் பிள்ளைகள். அவர்களைக் கூட்டி வந்து அழவைப்பது அன்றைய வழக்கம். அவர் செய்யவில்லை. கெஞ்சாததை நடுவர்கள் அவமதிப்பாக எடுத்துக்கொண்டார்கள். கெஞ்சாததற்கும் எரிச்சல் ஊட்டியதற்கும் மரணம் தண்டனை என்றால், தவறு கெஞ்சாதவர் பக்கம் இல்லை.

சிறையிலிருந்து தப்பாமல் இருந்தாரே, தீர்ப்பை ஒப்புக்கொண்டார் என்று ஆகாதா?

டீலோஸ் தீவுக்குப் போன புனிதக் கப்பல் திரும்பும்வரை ஊரில் யாரையும் கொல்லக்கூடாது. அதனால் ஏறக்குறைய ஒரு மாதம் சிறையில் இருந்தார். கிரிட்டோ விடியும் முன்பே வந்து, பணம் தயார், தெஸ்ஸலியில் ஆட்கள் இருக்கிறார்கள், கிளம்பு என்றார். சாக்ரடீஸ் மறுத்தார். எழுபது வருடம் இந்த ஊர்ச் சட்டத்தின் நிழலில் வாழ்ந்துவிட்டு, எனக்கு எதிராகத் திரும்பியதும் அதை உடைப்பதா என்றார்.

இதே மனிதர்தான் நீதிமன்றத்தில், இனி கேள்வி கேட்கமாட்டேன் என்ற நிபந்தனையில் விட்டால் கீழ்ப்படிய மாட்டேன் என்றவர். இரண்டும் முரண்போலத் தெரியும். எனக்கு அப்படித் தெரியவில்லை. அநியாயம் செய்யச் சொன்னால் செய்யமாட்டேன், என் மேல் அநியாயம் நடந்தால் தாங்கிக்கொள்வேன் என்கிறார். தாங்கிக்கொண்டதால் அது அநியாயம் இல்லை என்று ஆகாது. உங்கள் தீர்ப்பு தவறு என்று கடைசிவரை சொன்னார்.

"உன்னையே நீ அறிவாய்" அவர் சொன்னதுதானே?

நம் ஊரில் சிவாஜி நடிப்பிலும் கலைஞர் வசனத்திலும் அப்படித்தான் பதிந்திருக்கிறது. அந்த வாசகம் டெல்ஃபியில் அப்போலோ கோயிலில் பொறித்திருந்த பழமொழி. அவர் அதைத் தன் வாழ்க்கையாக எடுத்துக்கொண்டார்.

கடைசி நாளில் என்ன நடந்தது?

காலையில் விலங்கைக் கழற்றினார்கள். அவர் கட்டிலில் உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டே, வலி போனதும் சுகம் எப்படிப் பின்னாலேயே வருகிறது பாருங்கள் என்று நண்பர்களிடம் பேச ஆரம்பித்தார். சாயங்காலம் தானே குளித்துவிட்டு வந்தார். தான் செத்த பிறகு உடலைக் குளிப்பாட்டும் வேலை பெண்களுக்கு வேண்டாம் என்று. சேதி சொல்ல வந்த சிறைக்காவலர் திரும்பி நின்று அழுதார். ஹெம்லாக் செடியின் விஷத்தைக் குடித்துவிட்டு, கால் கனக்கும்வரை நடந்தார், பிறகு மல்லாந்து படுத்தார்.

கடைசி வார்த்தை: "கிரிட்டோ, அஸ்கிலேபியஸுக்கு ஒரு சேவல் கடன் இருக்கிறது. மறக்காமல் கொடுத்துவிடுங்கள்." இதற்கு ஆயிரம் விளக்கம் எழுதியிருக்கிறார்கள். எனக்குக் கண்ணில் படுவது ஒன்றுதான். தெய்வங்களை மதிக்காதவர் என்று கொல்லப்பட்டவர், ஊரே சேர்ந்து வரவேற்ற ஒரு தெய்வத்துக்குப் பட்ட கடனை நினைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

ஏதென்ஸ் பிறகு வருந்தியதா?

வருந்தி மெலிட்டஸைக் கொன்றார்கள், சாக்ரடீஸுக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள் என்று பல நூற்றாண்டு கழித்து எழுதிய கதை உண்டு. கேட்க இதமாக இருக்கும். நான் நம்பவில்லை. காரணம் கி.மு. 345-இல் அதே ஏதென்ஸ் நீதிமன்றத்தில் நடந்த இன்னொரு வழக்கு. பேச எழுந்தவர் எஸ்கினீஸ் என்ற அரசியல் பேச்சாளர். ஐம்பத்துநான்கு வருடத்துக்கு முந்தைய தீர்ப்பை, நடுவர்கள் பெருமைப்படத்தக்க முன்னுதாரணமாக எடுத்துக்காட்டினார். மக்களாட்சியைக் கவிழ்த்த முப்பதின்மரில் ஒருவனான கிரிட்டியாஸுக்குக் கற்றுக்கொடுத்தவர் என்று தெரிந்ததால்தானே சாக்ரடீஸுக்கு மரணம் கொடுத்தீர்கள் என்று கேட்டார். அந்தக் காரணத்தைச் சொன்னபோது தெய்வங்களைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.